எக்ஸ்ப்ளாய்ட் தடுப்பு மென்பொருளும் வீட்டுக் கணினியும்

ஒரு மென்பொருளில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தி, உரிமையாளருக்குத் தெரியாமல் அயல் கட்டளைகளை இயங்கச் செய்யும் உத்தி 'எக்ஸ்ப்ளாய்ட்' எனப்படும். வைரஸ் தடுப்பு மென்பொருள் பெரும்பாலும் தீய கோப்பைத் தேடுகிறது. எக்ஸ்ப்ளாய்ட் தடுப்பு மென்பொருளோ, நம்பகமான ஒரு நிரல் நினைவகத்தில் திடீரென முறைமாறி நடக்கிறதா என்று கவனிக்கிறது. வீட்டுக் கணினிக்கு இந்த இரண்டாவது காவலும் தேவையா என்பது கடந்த இருபது ஆண்டுகளில் பலமுறை விடை மாறிய கேள்வியாகும்.

தென்காசியை அடுத்த பண்பொழி வட்டாரம் 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இத்தகைய ஊர்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி, 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் விலையில்லா மடிக்கணினியே. அதில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. அதற்கு எந்தக் காவல் வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பு பல வீடுகளில் பிளஸ் டூ மாணவரின் தலையிலேயே விழுந்தது.

இவ்வகைத் தாக்குதல் பழையது. 1988 நவம்பர் 2 அன்று பரவிய மோரிஸ் புழு, நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதும் பிழையைப் பயன்படுத்தியது. மைக்ரோசாஃப்ட் 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கில் தரவுப் பகுதியில் கட்டளை இயங்குவதைத் தடுத்தது. 2007இல் வெளிவந்த விஸ்டா, நிரல்களின் நினைவக முகவரிகளைக் கலைத்துப்போட்டது. ஆனால் பல பழைய நிரல்கள் இவ்வசதிகளைப் பயன்படுத்தவில்லை. அவற்றின்மீதும் இக்காவலைத் திணிக்க 2009இல் வந்தது 'எமெட்' என்னும் இலவசக் கருவி. 2014இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனமும் இதே நோக்கில் ஒரு மென்பொருளை வெளியிட்டது. உலாவிக்கான காவல் அதில் இலவசம்.

2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாற அறிவுறுத்தியது. வீடுகளுக்கு அத்தகைய ஆணை எதுவும் இல்லை. எக்ஸ்பியை விட முடியாதவர்களுக்கு எக்ஸ்ப்ளாய்ட் தடுப்பு ஓர் ஆறுதலாகத் தோன்றியது.

அந்த ஆறுதலின் எல்லையை 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை காட்டியது. பண்பொழிக்கு மேற்கே மலைக்கு அப்பால், பத்தனம்திட்டா மாவட்டத்தின் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகக் கணினிகளும் அதில் சிக்கின. அது நுழைந்த ஓட்டை விண்டோஸின் கருநிரலிலேயே இருந்தது. எமெட் காத்ததோ உலாவி, வேர்டு போன்ற பயன்பாட்டு நிரல்களை மட்டுமே. விண்டோஸ் 7 போன்ற ஆதரவிலிருந்த பதிப்புகளுக்கு மார்ச் 14 அன்றே திருத்தம் வந்துவிட்டது. எக்ஸ்பிக்கு அது தாக்குதலுக்குப் பின்னரே கிடைத்தது. புதுப்பித்தலைச் செய்யாமல் கூடுதல் காவலைத் தேடியவர்கள் வரிசையைத் தலைகீழாக்கியிருந்தனர் என்றே சொல்ல வேண்டும்.

இருந்தும் எமெட் வீண் அல்ல. விண்டோஸ் 10 இருக்கையில் எமெட் வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் கூறியபோது, எமெட் நிறுவிய விண்டோஸ் 7, வெறும் விண்டோஸ் 10ஐவிடக் கூடுதல் காப்புத் தருவதாக கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் செர்ட் மையம் 2016 நவம்பரில் வாதிட்டது. 2017 அக்டோபரில் எமெட்டின் காவல்களில் பெரும்பகுதி விண்டோஸ் 10க்குள்ளேயே சேர்ந்தது. 2018 ஜூலை 31 அன்று எமெட்டுக்கான ஆதரவு முடிந்தது. மால்வேர்பைட்ஸும் தன் கருவியை முதன்மை மென்பொருளுடன் இணைத்துவிட்டது. இன்று இவ்வகையில் இரண்டை ஒன்றாக நிறுவினால், ஒரே நிரலுக்குள் இரண்டும் குறுக்கிட்டு அதை முடக்குவதும் உண்டு.

ஓட்டை என்பது வெளியூர் மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. 2011 முதல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள் ஒன்றில் இருந்த ஓட்டை தாக்குதலுக்குப் பயன்படுவதாக, 2021 செப்டம்பரில் அமெரிக்க அரசு அமைப்புகள் எச்சரித்தன. அங்கும் முதல் தீர்வு, நிறுவனம் வெளியிட்ட திருத்தத்தை உடனே நிறுவுவதுதான்.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. பழைய மடிக்கணினி வைத்திருப்போர் முன் 2014இன் கேள்வி மீண்டும் வந்து நிற்கிறது.