இலை செழித்தால் போதாது: நிலக்கடலைக்கு இயற்கை உரம்

பூன் லே வட்டாரத்துக்குப் பெயர் தந்த சியூ பூன் லே, ஜூரோங்கில் கேம்பியரும் மிளகும் பின்னர் ரப்பரும் பயிரிட்டவர். 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் கேம்பியரும் மிளகும் பக்கத்துப் பக்கத்தில்தான் வளர்ந்தன. கேம்பியர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்த பிறகு, மிஞ்சிய சக்கை மிளகுக் கொடிக்கு உரமானது. அப்படியும் 15, 20 ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும். தோட்டக்காரர்கள் காட்டை வெட்டி அடுத்த நிலத்துக்குப் போய்விடுவார்கள்.

இன்றைய வீவக குடியிருப்புகளின் சமூகத் தோட்டங்களில் அப்படி நகர இடமில்லை. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கியது. பூங்காக்களில் அது வாடகைக்கு விடும் பாத்தியின் அளவு 2.5 மீட்டருக்கு 1 மீட்டர். அதற்குள்தான் மீண்டும் மீண்டும் பயிர் செய்தாக வேண்டும். கீரை, வெண்டை, பயத்தங்காய்க்குப் பிறகு நம்மவர்கள் நட்டுப் பார்க்க ஏற்ற பயிர் நிலக்கடலை. தென்னார்க்காட்டுக்காரர்களுக்கு மல்லாட்டை, யாழ்ப்பாணத்தாருக்குக் கச்சான், இங்கே மலாயில் காச்சாங்.

முதல்முறை நடுபவர்களுக்கு வழக்கமாக வரும் ஏமாற்றம் ஒன்று உண்டு. செடி கரும்பச்சையாகப் புதர்போல் செழித்திருக்கும். பிடுங்கினால் நாலைந்து காய்தான் இருக்கும், அதிலும் பாதி பொக்கு. உரம் போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை இன்னும் அதிகம் போடுவார்கள். பெரும்பாலும் தவறு உரத்தின் அளவில் இல்லை, வகையில்தான் இருக்கிறது.

நிலக்கடலை பயறு வகையைச் சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. தழைச்சத்து மிகுந்த கோழி எருவை அள்ளிப் போட்டால் செடி அந்த முடிச்சுகளைக் குறைத்துக்கொண்டு இலையை மட்டும் வளர்க்கும். தமிழகத்தில் விதைக்குமுன் ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையின்மேல் பூசி நிழலில் உலர்த்துவார்கள். பொட்டலம் கிடைக்காதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. பயத்தங்காயோ தட்டைப்பயறோ நன்றாக விளைந்த பாத்தியின் மண்ணில் இரண்டு கைப்பிடி எடுத்துக் கலக்கலாம். நிலக்கடலைக்கும் அதே கூட்டத்து பாக்டீரியாதான் பொருந்தும். ஒரு மாதச் செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது.

அடியுரமாக, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் பரிந்துரைக்கிறது. சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 1.25 கிலோ, நம் பாத்திக்கு ஏறக்குறைய 3 கிலோ. தொழுவுரத்துக்குப் பதில் நன்கு மக்கிய இலைமக்கோ மண்புழு உரமோ போதும். அரைகுறையாக மக்கியதை மட்டும் போட வேண்டாம். அது மண்ணில் சூடேறி விதையைக் கெடுக்கும்.

பலரும் மறந்துவிடுவது சுண்ணாம்புச்சத்தை. பூத்து முடிந்ததும் செடியிலிருந்து விழுது இறங்கி, மண்ணுக்குள் போய்க் காயாகிறது. அந்தக் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து வேர் வழியாகப் போதிய அளவு வந்து சேர்வதில்லை. காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மேல்மண்ணில் அது இல்லாவிட்டால் பொக்குதான் மிஞ்சும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தமிழகத்தைவிட இரு மடங்குக்கும் அதிகம். அந்த நீரோடு சுண்ணாம்புச்சத்தும் கரைந்து போவதால் மண்ணில் புளிப்புத்தன்மை ஏறுகிறது.

இதற்குத்தான் ஜிப்சம். பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது நம் பாத்திக்கு 100 கிராம். விதைத்து 40 முதல் 45 நாளில் செடியோரம் தூவி, களை கொத்தி, மண் அணைக்க வேண்டும். அதன்பின் மண்ணைக் கிளறினால் விழுது அறுந்துவிடும். ஜிப்சம் கனிமமாயிற்றே, அது எப்படி இயற்கை உரமாகும் என்ற கேள்வி எழலாம். வெட்டியெடுக்கப்படும் ஜிப்சத்தை இயற்கை வேளாண்மை விதிகள் ஏற்கின்றன. முட்டை ஓடும் உதவும். ஆனால் அது மெதுவாகவே கரையும் என்பதால், மாவாக அரைத்து விதைப்பதற்குச் சில வாரங்கள் முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். ஓட்டை நொறுக்கி மேலே தூவுவதால் பெரிய பயன் இல்லை.

பஞ்சகவ்யம் பற்றியும் சொல்ல வேண்டும். கொடுமுடி டாக்டர் நடராஜன் தமிழகமெங்கும் பரவச் செய்த இந்தக் கரைசலை 3 விழுக்காடாக நீரில் கலந்து தெளிப்பார்கள். ஊரில் மாட்டுத்தொழுவம் பக்கத்தில் இருக்கும். இங்கே பசுஞ்சாணமும் கோமியமும் தேடி அலைவதைவிட மண்புழு உர நீரே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. எந்தக் கரைசலானாலும் வாளியைத் திறந்து வைக்கக்கூடாது. டெங்கிக் கொசுவுக்குத் தேங்கிய நீர் கொஞ்சம் இருந்தாலே போதும். புளித்த வாடைக்கு அண்டைவீட்டார் புகார் செய்வதும் நியாயமே. கடலைப் பிண்ணாக்கை மேலாகத் தூவினால் எலி வரும். வேப்பம் பிண்ணாக்கோடு சேர்த்து மண்ணுக்குள் புதைப்பது நல்லது.

விதைக்குத் தேக்காவில் விற்கும் வறுக்காத, தோல் உரியாத பச்சைக் கடலையே போதும். வரிசைக்கு வரிசை 30 செண்டிமீட்டர், செடிக்குச் செடி 10 செண்டிமீட்டர் இடைவெளி விடலாம். களிமண்ணாக இருந்தால் மணல் கலந்து பாத்தியை உயர்த்திக்கொள்ளுங்கள். குட்டை ரகங்கள் 105 நாளையொட்டி விளைந்துவிடும். பிப்ரவரித் தொடக்கத்தில் விதைத்தால் மே முடிவதற்குள் பிடுங்கலாம். ஆண்டிறுதி மழையில் அறுவடைக்கு வரும்படி விதைப்பது வீண்வேலை.

பிடுங்கிய கடலையை ஈரத்தோடு பையில் கட்டி வைக்காதீர்கள். குலுக்கினால் பருப்பு உள்ளே கலகலக்கும்வரை காய வைக்க வேண்டும். ஈரக் கடலையில் வளரும் பூஞ்சை, கல்லீரலைத் தாக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சைச் சுரக்கும். 1960ல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைத் தீவனம் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மாண்டபோதுதான் இந்த நஞ்சு தெரியவந்தது. இயற்கை உரத்தில் விளைந்த கடலைக்கும் இதில் விலக்கில்லை. வறுத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. பூஞ்சை கண்ட காயைக் கழித்துவிடுங்கள்.

காய் பறித்த செடியைக் குப்பையில் போடாமல் நறுக்கி அதே பாத்தியில் புதைத்துவிடலாம். அடுத்து அங்கே கடலை வேண்டாம். கீரையோ வெண்டையோ போடுங்கள்.