பெஞ்சிலிருந்து ஒரு படச்சுருள்

2006 உலகக் கிண்ணம் என்றாலே எல்லாரும் ஜிடான் தலையால் முட்டியதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதே பிரெஞ்சு அணியின் பெஞ்சில் இருந்த விகாஸ் தொராசூதான் ஞாபகம் வருகிறார். நடுத்திடல் ஆட்டக்காரர். பிரான்சில் பிறந்தவர், மொரீஷியஸ் தெலுங்கு வம்சாவளி. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் ஆள் இறக்கிய தீவு அது. ரப்பர் காட்டு வழி வந்த நமக்கு அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

லியோனில் 2003, 2004 என இரண்டு லீக் பட்டம். 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மிலான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், இறக்கவில்லை. 2006 ஏப்ரலில் பிரெஞ்சு கிண்ண இறுதியாட்டம்: மார்செய்க்கு எதிராகத் தூரத்திலிருந்து ஒரு கோல். பாரிஸ் 2-1 என வென்றது. அந்தத் தெம்போடு ஜெர்மனிக்குப் போனவருக்குக் கிடைத்தது இரண்டு ஆட்டங்களின் கடைசிச் சில நிமிடங்கள்.

ஆனால் சும்மா உட்காரவில்லை. கையில் சூப்பர் 8 கேமரா. ஹோட்டல் அறையையும் காத்திருப்பையும் தானே படம்பிடித்தார். பிரெட் பூலேயுடன் சேர்ந்து அதை 'சப்ஸ்டிட்யூட்' என்ற படமாக்கினார். அதே அக்டோபரில், பயிற்சியாளரை வெளிப்படையாக விமர்சித்தவரை பாரிஸ் கிளப் வேலையைவிட்டே நீக்கியது.

"இடம் கொடுத்ததே பெரிசு, வாயை மூடிக்கிட்டு இரு." நம்ம வீடுகளில் தலைமுறையாக ஓடும் புத்திமதி இது. தொராசூ வாயை மூடவில்லை, அதற்கு விலையும் கொடுத்தார். பிறகு இத்தாலியின் லிவோர்னோவில் சேர்ந்து, ஒரு லீக் ஆட்டமும் ஆடாமலேயே விலகினார்.

படம் மட்டும் இருக்கிறது.