மழையை முன்னுரைத்தலும் கூலியும்: நீண்டகால வானிலைக் கணிப்பும் பேராக் தோட்டத் தமிழரும்

முன்னுரை

1877-ஆம் ஆண்டு மலேசியத் தமிழர் வரலாற்றில் இரு காரணங்களால் நினைவுகூரத்தக்கது. சென்னை மாகாணத்தில் 1876-இல் பொய்த்த மழை 1877-இன் நடுப்பகுதி வரை திரும்பவில்லை. பெரும்பஞ்சம் உச்சத்தை எட்டியது. அதே ஆண்டில் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட இருபத்திரண்டு இரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது, பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் பிரித்தானிய ஆட்சிப் பேராளராக இருந்த ஹியூ லோவின் முயற்சியால் நடப்பட்டன. முன்னது தமிழ் மக்களை ஊரைவிட்டுப் பெயர்த்த ஆற்றல்களுள் ஒன்று. பின்னது அவர்களுடைய வழித்தோன்றல்கள் உழைக்கப்போகும் தொழிலுக்கு இட்ட வித்து.

அப்பஞ்சத்தின் விளைவாக எழுந்த மூன்றாவது முயற்சி ஒன்றும் உண்டு. அடுத்த பருவத்தின் மழையையும் வறட்சியையும் பல மாதங்களுக்கு முன்னரே அறிந்துரைக்கும் அறிவியல் முயற்சியே அது. அம்முயற்சி எழுப்பிய நம்பிக்கையையும் ஐயத்தையும், பேராக் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பஞ்சமும் கணிப்பும்

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பஞ்சத்தில் பிரித்தானிய இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை அதற்குச் சற்று முன்னர், 1875-இல்தான் தோற்றம் பெற்றிருந்தது. அதன் முதல் தலைவர் என்றி பிளான்போர்டு, இமயமலையில் பனி மிகுதியாகப் பெய்யும் ஆண்டுகளில் அடுத்துவரும் பருவமழை குன்றுகிறது என்னும் கருத்தை 1884-இல் வெளியிட்டார். அதன் அடிப்படையில் 1886 சூன் 4-ஆம் நாள் இந்தியாவுக்கும் பர்மாவுக்குமான முறையான பருவமழைக் கணிப்பு வெளியிடப்பட்டது. உலகில் அரசுத் துறையொன்று தொடர்ந்து வெளியிட்ட நீண்டகாலக் கணிப்புகளுள் இதுவே முன்னோடி எனலாம்.

நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. பிளான்போர்டின் பின் பொறுப்பேற்ற ஜான் எலியட், மேலும் பல காரணிகளைச் சேர்த்து விரிவான கணிப்புகளை வெளியிட்டார். 1899-இல் நல்ல மழை பெய்யும் என்று அவர் கணித்தார். அவ்வாண்டோ கொடிய வறட்சியும் அதனைத் தொடர்ந்து பஞ்சமும் ஏற்பட்டன. இதனால் எழுந்த கண்டனங்களுக்குப் பின்னர், சில ஆண்டுகள் கணிப்புகள் மக்களுக்கு வெளியிடப்படாமல் அரசுக்குள் மட்டும் இரகசியமாக வழங்கப்பட்டன.

1904-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகக் கணித அறிஞர். உலகின் பல பகுதிகளின் காற்றழுத்தம், மழை, வெப்பநிலை ஆகியவற்றைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்ட அவர், இந்தியப் பெருங்கடற் பகுதிக்கும் பசிபிக் கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதைக் கண்டறிந்து, 1920-களில் அதற்குத் தென் ஊசல் எனப் பெயரிட்டார். தம் கணிப்புகளின் எல்லையை அவர் நன்குணர்ந்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பருவக் கணிப்பைக் குறிக்க, உறுதியைச் சுட்டும் சொல்லை விடுத்து, நிழலாகத் தோன்றுவதைச் சுட்டும் சொல்லையே அவர் விரும்பினார். அத்தென் ஊசல், பெரு நாட்டுக் கடற்பகுதி வெப்பமுறும் எல் நினோ நிகழ்வோடு பிணைந்தது என்பதை 1960-களில் யாக்கோப் பியர்க்னெசு விளக்கினார். 1877-இன் வறட்சிக்கும் மிக வலிய எல் நினோ ஒன்றே பின்புலமாக இருந்தது என்பது பிற்கால ஆய்வுகளால் புலனாயிற்று.

கோடை என்னும் சொல்லும் பேராக் வானமும்

தமிழரிடையே பருவத்தை முன்னுரைக்கும் மரபு, இவ்வறிவியல் முயற்சிக்கு நெடுங்காலம் முன்னரே வேரூன்றியிருந்தது. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தைக் கடக்கும் நாள்களின் மேகத்தையும் காற்றையும் நோக்கி, அடுத்த மழைக்காலத்தைக் கணிக்கும் கர்ப்போட்டம் அத்தகையது. சித்திரைப் புத்தாண்டில் படிக்கப்படும் பஞ்சாங்கமும் அவ்வாண்டு மழை எத்தனை மரக்கால், அதில் கடலுக்கும் மலைக்கும் நிலத்துக்கும் எவ்வளவு என்று பகுத்துரைக்கும்.

புலம்பெயர்ந்தோர் பஞ்சாங்கத்தையும் கோடை என்னும் சொல்லையும் தம்மோடு கொண்டுவந்தனர். ஆனால் வானம் அவர்களோடு வரவில்லை. தமிழ்நாட்டில் சித்திரை, கத்திரி வெயிலின் வாயில். ஈப்போ வட்டாரத்திலோ ஏப்பிரலும் மே மாதமும் பருவக்காற்று மாறும் காலமாதலின், பிற்பகல் இடிமழை மிகுந்த மாதங்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மற்றொரு மழை உச்சம் உண்டு. ஆண்டின் தொடக்க மாதங்களும் சூன், சூலை மாதங்களும் ஒப்பளவில் வறண்டவை. கோடை என்று தனித்து வரையறுக்கத்தக்க பருவம் இங்கில்லை. எனவே தாயகத்தின் நாள்காட்டி, தோட்டத்தில் சடங்குக்கு வழிகாட்டியதேயன்றி மழைக்கு வழிகாட்டவில்லை. நம் பள்ளிகளில் ஆறு பருவங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு எடுத்துரைப்பது பயனுடையது.

பால்வெட்டும் பொழுது

இரப்பர்த் தோட்டத்தில் மழை என்பது ஒரு காலைப்பொழுதின் செய்தியாகவே இருந்தது. மரத்தில் பால் நன்கு சுரப்பது விடியற்காலையில். ஆதலின் தொழிலாளர் இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று தத்தம் நிரைக்குப் புறப்பட்டனர். முன்னாள் மாலையிலோ இரவிலோ பெய்த மழையால் பட்டை நனைந்திருந்தால், வெட்டிய கோட்டின் வழியே பால் மங்கில் இறங்காது; மரமெங்கும் வழிந்து வீணாகும். வெட்டி முடித்தபின் மழை பெய்தால் மங்கிலுள்ள பால் நீரோடு கரைந்துபோகும். வெட்டு நின்ற நாளில் கூலி குறையும், அல்லது அற்றுப்போகும்.

வறட்சியும் அவர்களுக்கு நலம் பயக்கவில்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் இரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது பால் சுருங்கும். ஆக, மழை மிகினும் இழப்பு. வெயில் மிகினும் இழப்பு. ஆண்டின் மொத்த மழை சராசரியை ஒட்டியே அமைந்தாலும், அது இரவில் பெய்ததா, பிற்பகலில் பெய்ததா என்பதே குடும்பத்தின் வரவை முடிவு செய்தது. அடுத்த மூன்று மாதங்களில் மழை சராசரிக்குச் சற்று மிகும் என்னும் கணிப்பு ஒருவேளை கிடைத்திருப்பினும், பால்வெட்டுத் தொழிலாளி அதைக் கொண்டு என்ன செய்திருக்க முடியும்? நிரையை மாற்றவோ, வேறு பயிர் நடவோ, வேலையை ஒத்திவைக்கவோ அவருக்கு உரிமையில்லை. கணிப்பால் பயன்பெறுவோர், அதனைக் கேட்டு முடிவெடுக்கும் அதிகாரம் உடையோரே.

இவ்வுண்மை பஞ்சக் காலத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. 1877-இல் சென்னை மாகாண நிவாரணப் பணிகளில் ரிச்சர்டு டெம்பிள் விதித்த கூலி, ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைக்கப்பட்டது. அப்போது வறட்சி அனைவரும் கண்முன்னே கண்டதாயிருந்தது. முன்னறிவிப்புக்கு அங்குத் தேவையே இல்லை. மக்களை வாட்டியது அறியாமையன்று, கூலியின் அளவே.

மலாயாவில் அக்கேள்வி மாதச் சம்பளக் கோரிக்கையாக உருப்பெற்றது. மழைநாளின் இழப்பையும் இலையுதிர்காலத்தின் இழப்பையும் தொழிலாளியே சுமப்பது முறையன்று என்பதே அக்கோரிக்கையின் உட்கருத்து. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் நெடுங்காலம் எழுப்பிய இக்கோரிக்கையின்மீது 2001-இல் உடன்பாடு ஏற்பட்டது. அதற்குள் பல இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. மக்களும் ஈப்போ முதலிய நகரங்களை நோக்கிப் பெயர்ந்துவிட்டனர்.

கணிப்பின் இன்றைய நிலை

கணினி மாதிரிகளின் துணையால் நீண்டகாலக் கணிப்பு இன்று பெரிதும் முன்னேறியுள்ளது. பசிபிக் கடலின் வெப்பநிலை மெல்ல மாறுவதால், எல் நினோவைச் சில மாதங்களுக்கு முன்னரே உணர இயல்கிறது. 1986-இல் மார்க் கேன், ஸ்டீபன் செபியாக் ஆகியோர் அத்தகைய கணிப்பை வெற்றியுடன் வெளியிட்டனர். ஆயினும், மார்ச்சு முதல் மே வரை செய்யப்படும் கணிப்புகளின் நம்பகம் குறைவு என்பதை அறிவியலாரே ஒப்புக்கொள்கின்றனர். 2014-இன் தொடக்கத்தில் எதிர்பார்க்கப்பட்ட வலிய எல் நினோ அவ்வாண்டு முழுமை பெறவில்லை, 2015-இல்தான் வலுப்பெற்றது.

எல் நினோ தோன்றினாலும் விளைவு எங்கும் ஒன்றாக அமைவதில்லை. 1997-இல் நூற்றாண்டின் மிக வலிய எல் நினோக்களுள் ஒன்று உருவாகியும், இந்தியப் பருவமழை சராசரியைச் சற்று விஞ்சியது. அதே நிகழ்வினால் இந்தோனேசியக் காடுகள் எரிந்து மலேசியாவைப் புகைமூட்டம் சூழ்ந்தது. 1998 ஏப்பிரல் 9-ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியசு பதிவாயிற்று. மறுதலையாக, 2002-இல் இயல்பான மழை பெய்யும் எனக் கணிக்கப்பட்ட இந்தியாவில் சராசரியில் 81 விழுக்காடே பெய்தது. மலேசியாவிற்குள்ளும் எல் நினோவால் மழை குறைவது சபாவில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. தீவகற்பத்தின் மேற்குக் கரையிலோ மழையைவிட வெப்பநிலையிலேயே அதன் தாக்கம் உறுதியாகப் புலப்படுகிறது.

எனவே, மழை பற்றிய பருவக் கணிப்பை ஐயத்தோடும், வெப்பம் பற்றிய கணிப்பைக் கூடுதல் நம்பிக்கையோடும் பேராக் மக்கள் கொள்வது பொருத்தமாகும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை வரும் மாதங்களுக்கான நீண்டகால வானிலைக் கணிப்பை வெளியிடுவதோடு, வெப்ப எச்சரிக்கையையும் படிநிலைகளாக வழங்குகிறது. தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பநிலை 35 முதல் 37 பாகை வரை இருப்பின் முதல் நிலை. 37-க்கு மேல் 40 வரை இரண்டாம் நிலை. 40-ஐக் கடப்பின் மூன்றாம் நிலை. 2016-இல் பெர்லிஸ் முதலிய பகுதிகளில் வெப்பத்தின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. முடிவெடுக்கும் அதிகாரமும் அறிவிப்பும் ஒன்றுசேர்ந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

முடிவுரை

பருவத்தை முன்னறியும் ஆசை பஞ்சாங்கத்திலும் உண்டு. பிளான்போர்டின் பனியளவிலும் உண்டு. கணினி மாதிரிகளிலும் உண்டு. இவை தம்முள் ஒரே தரத்தன அல்ல. தன் பிழையை எண்ணிக் கணக்கிட்டு வெளியிடும் அறிவியல், அதனாலேயே மற்றவற்றைவிட நம்பத்தக்கதாகிறது. எனினும், சிறந்த கணிப்பும் ஒரு பருவத்தின் போக்கையே கூறும்; ஒரு காலைப்பொழுதின் கூலியைக் கூறாது.

தோட்டத் தமிழர் வானிலைக் கணிப்பைப் பொருட்படுத்தாமைக்கு அறியாமையே காரணம் என்று கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர்கள் கேட்டது வேறொரு கேள்வி: மழை பெய்தால் இழப்பு யாருடையது? கட்டுமானத் தளத்திலும் காவற்பணியிலும் வெயிலில் நிற்கும் இன்றைய தொழிலாளர்க்கும், பழைய இரப்பர் நிலங்களின் இன்றைய செம்பனைத் தோட்டங்களில் உழைக்கும் அயல்நாட்டவர்க்கும் அக்கேள்வி பொருந்தும். வெப்ப எச்சரிக்கை விடுக்கப்படும் நாளில், கூலியை இழக்காமல் நிழலில் ஒதுங்கும் உரிமை அவர்களுக்கு இருக்குமாயின், அன்றே அக்கணிப்பு அவர்களுக்கும் உரியதாகும்.