கச்சேரியும் கடைத்தெருவும்: வலியசாலைத் தமிழரின் அலுவலக வாழ்வு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வலியசாலை என்னும் பெயரைக் கேட்ட அளவில் தமிழறிஞர்தம் நினைவில் எழுவன முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியும் காந்தளூர்ச் சாலையுமே ஆகும். 'கலமறுத்தல்' என்பதற்குக் கப்பலை அழித்தல் என்று பொருள் கொள்வாரும், உண்கலங்களின் எண்ணிக்கையை வரையறுத்தல் என்று பொருள் கொள்வாரும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாதிட்டு வந்துள்ளனர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலை குறித்துத் தனியே ஆராய்ந்து எழுதியுள்ளார். அச்சாலை இன்றைய வலியசாலைதானா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், அங்குள்ள மகாதேவர் கோயில் காந்தளூர் என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

கல்வெட்டு வரலாற்றின் பேரொளியில் ஒரு மக்கட் பிரிவினர் நம் கண்ணில் படாமலே போயினர். கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடியிருந்து, காலையில் கச்சேரிக்கு நடந்து, மாலையில் சாலைக் கடைத்தெரு வழியே வீடு திரும்பிய மாதச் சம்பளக்காரர்களே அவர்கள். அவர்களுடைய அன்றாடச் சலிப்புகளையும் சிறு மகிழ்ச்சிகளையும் வரலாற்றுப் பொருளாகக் கொள்ள முடியுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா ஆகும்.

சாலையிலிருந்து கச்சேரிக்கு

ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866இல் வெளியிட்ட பார்த்திவபுரச் செப்பேடு, காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கைப் பின்பற்றித் தொண்ணூற்றைந்து சட்டர்களுக்கு ஒரு சாலை நிறுவப்பட்டதைக் கூறுகின்றது. அங்கே சேர விரும்புவோர் இலக்கணப் பயிற்சி உடையவராகவும், மூன்று அரசுகளின் நடைமுறைகளுக்கு வேண்டிய அறிவு உடையவராகவும் இருத்தல் வேண்டும் என்று அச்செப்பேடு விதிக்கின்றது. கோயிற்பணி, மறையோதல் ஆகியவற்றோடு ஆட்சி நடைமுறை அறிவும் அங்கு வேண்டப்பட்டது என்பது இதனால் புலனாகின்றது. எழுத்தறிவைக் கொண்டு அரசு சார்ந்து வாழும் ஒரு வகுப்பாரைப் பற்றிய தென்கோடித் தமிழகத்தின் பழைய சான்றுகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

சட்டருக்கும் பிற்காலக் குமாஸ்தாவுக்கும் நேர்த்தொடர்ச்சி உண்டு என்று கூறுவது பிழையாகும். இடையில் பல நூற்றாண்டுகளும் பல அரசுகளும் கடந்துள்ளன. ஆயினும் எழுத்தே பிழைப்பாக அமையும் நிலை இந்நிலப்பரப்பில் மீண்டும் உருவாயிற்று. திருவிதாங்கூரின் தலைநகர் 1795இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாற்றப்பட்டது. திவான் இராஜா கேசவதாஸ் சாலைக் கடைத்தெருவை உருவாக்கினார். சுவாதித் திருநாள் (ஆட்சிக்காலம் 1829–1846) காலத்தில் ஹஜூர் கச்சேரி கொல்லத்திலிருந்து தலைநகருக்கு வந்தது. 1869இல், மாதவராவ் திவானாக இருந்தபோது, வில்லியம் பார்ட்டன் அமைத்த புதிய கச்சேரிக் கட்டடம் திறக்கப்பெற்றது. அதுவே இன்றைய தலைமைச் செயலகத்தின் மூலக் கட்டடம் ஆகும். வலியசாலையிலிருந்து அது நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. கோயில், கடைத்தெரு, கச்சேரி ஆகிய மூன்றையும் நடையாலேயே இணைக்க முடிந்தமையால் வலியசாலை உத்தியோகத்தர் குடியிருக்க ஏற்ற இடமாயிற்று.

மூன்று நிகழ்வுகள் கூடிய ஆண்டு

அலுவலக வாழ்வின் வரலாற்றில் 1891ஆம் ஆண்டு தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டில்தான் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்தது. சி.வி. இராமன் பிள்ளையின் மலையாளப் புதினமான 'மார்த்தாண்ட வர்மா' வெளிவந்ததும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மலையாளி விண்ணப்பம் மன்னர் மூலம் திருநாளிடம் அளிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அரசுப் பணிகளில் வெளியிலிருந்து வந்தோர், குறிப்பாகத் தமிழ்ப் பிராமணர், மிகுந்திருப்பதையே அவ்விண்ணப்பம் எதிர்த்தது.

இம்மூன்றிற்கும் இடையே நுட்பமான உறவு உண்டு. சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியர் ஆவதோடு, 1880களில் சில ஆண்டுகள் பிறவகைச் சிரஸ்தாராகவும் பணிபுரிந்தவர். இராமன் பிள்ளை உயர்நீதிமன்ற அலுவலகப் பணியாளர். மலையாளி விண்ணப்ப இயக்கத்தில் முன்னின்றவர். இருவரும் கச்சேரியின் உள்ளமைப்பை நேரில் அறிந்தவர்கள். ஆனால் இருவரும் தம் படைப்புக்குத் தேர்ந்தது அரசர், அமைச்சர், படை, சூழ்ச்சி என்னும் பழங்களத்தையே. கச்சேரி மேசையின் முன் அமர்ந்தவன் அந்நாளில் அரசியல் விண்ணப்பத்தில் எண்ணிக்கையாக இடம்பெற்றானே ஒழிய, இலக்கியத்தில் மனிதனாக இடம்பெறவில்லை. அவனுடைய பணியிடம் வழக்கிற்குரிய பொருளாயிற்று. அவனுடைய நாள் எவருக்கும் பொருளாகவில்லை.

விண்ணப்பத்தின் கோரிக்கை நியாயமற்றது எனத் தள்ளிவிட இயலாது. மண்ணின் மக்கள் தம் நாட்டு ஆட்சியில் பங்கு கேட்டனர். ஆனால் 'வெளியார்' என்னும் சொல்லின் எல்லை எது என்பதில் சிக்கல் இருந்தது. நாஞ்சில்நாட்டுத் தமிழர் திருவிதாங்கூரின் குடிகளே. பல தலைமுறையாகத் தலைநகரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. வீட்டில் ஒரு மொழியும் கோப்பில் பிறிதொரு மொழியும் வழங்கியோர், தம்மை எப்பக்கத்தார் எனக் கூறிக்கொள்ள வேண்டிய நெருக்கடிக்கு ஆளாயினர்.

சக்கரமும் அஞ்சலும்

மன்னராட்சிக் காலத்து அலுவலருடைய அன்றாடத்தை அறியப் பெரிய ஆவணங்களைவிடச் சிறு வழக்காறுகளே மிகுதியும் துணை செய்கின்றன. திருவிதாங்கூர் ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். சம்பளம் வாங்குவது ஓர் அரசில், பெற்றோருக்குப் பணம் அனுப்புவது திருநெல்வேலிச் சீமையில் என்றிருந்தவனுக்கு அந்த அரைச் சக்கரம் மாதந்தோறும் நினைவில் உறுத்தும் கணக்காகவே இருந்திருக்கும். கடிதப் போக்குவரத்தும் அவ்வாறே இரட்டையாக நடந்தது. திருவிதாங்கூருக்கென்று தனியே அஞ்சல் துறை இயங்கி, 1951இல்தான் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது.

அரசின் ஆண்டறிக்கைகள் கொல்லம் ஆண்டைக் கொண்டே எழுதப்பட்டன. ஆண்டு சிங்கமாதம், அதாவது ஆவணியில் தொடங்கிற்று. நாஞ்சில்நாட்டாருக்கும் நெல்லைப் பகுதியினருக்கும் கொல்லம் ஆண்டு அயலானதன்று. ஆகவே தமிழ் அலுவலர் எல்லாவற்றிலும் அந்நியராய் உணர்ந்தார் எனக் கொள்ளுதலும் பொருந்தாது. நாள்காட்டியில் உடன்பாடும் நாணயத்தில் வேறுபாடும் என, உறவும் விலகலும் கலந்ததே அவர்தம் வாழ்வு.

எல்லை மாறிய பின்

1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. 1954ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சூட்டில் உயிரீந்தோரின் தியாகமும் இவ்விணைப்பின் பின்னணியில் உண்டு. தமிழக வரலாற்றில் இது வெற்றியாகவே எழுதப்பட்டுள்ளது, அது முறையே. எனினும், தலைநகரில் பணியாற்றிய நாஞ்சில்நாட்டுக் குமாஸ்தாவுக்கு அன்று ஊர் ஒரு மாநிலத்திலும் உத்தியோகம் மற்றொரு மாநிலத்திலும் ஆயின.

மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு பணியாளர் ஒதுக்கீட்டைப் பற்றியது. அதன்வழி நிகழ்ந்த பணி ஒருங்கிணைப்பால், திருவிதாங்கூர்–கொச்சி ஊழியரும் மலபாரிலிருந்து வந்த ஊழியரும் ஒரே முதுநிலைப் பட்டியலில் இடம்பெற வேண்டியதாயிற்று. பட்டியலில் தன் பெயருக்கு மேலே எவர் பெயர் ஏறிற்று என்பதே ஆண்டுக்கணக்கில் அலுவலகப் பேச்சாயிற்று. நாகர்கோவில் செல்ல 1979 வரை இருப்புப்பாதை இல்லை. விடுமுறை நாளில் ஊர் செல்வோர் பேருந்தையே நம்பினர். பதவி உயர்வும் பேருந்தும் காத்திருப்பின் இரு வடிவங்கள் எனலாம்.

வேலைநிறுத்தங்களும் இவ்வரலாற்றின் பகுதியே. கேரள அரசு ஊழியர் 1973இல் 54 நாள்களும் 2002இல் 32 நாள்களும் பணி புறக்கணித்தனர். சம்பளமில்லாத அந்நாள்களின் சுமையைத் தாங்கியவை கடைத்தெருவின் பற்றுவரவுக் கணக்குகளும் வீட்டுப் பெண்களின் சிக்கனமுமே ஆதல் வேண்டும். பணிப்பதிவேட்டில் ஆண்களின் பெயரே பெரிதும் காணப்படினும், அச்சம்பளத்தை மாத இறுதிவரை நீட்டியவர் எவர் என்பதை அப்பதிவேடு கூறாது.

புதினத்தில் நுழைந்த அலுவலர்

1891இல் இலக்கியத்திற்குப் புறத்தே நின்ற அலுவலர், எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதன் நடுவிடத்திற்கு வந்தார். கேரள மின்வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றிய நீல. பத்மநாபன் 1970இல் 'பள்ளிகொண்டபுரம்' என்னும் புதினத்தை வெளியிட்டார். ஐம்பது வயதை எட்டிய அனந்தன் நாயர், தன்னைப் பிரிந்து சென்ற மனைவி கார்த்தியாயினியின் நினைவோடு நகரின் தெருக்களில் அலைவதாக அது அமைகின்றது. அவரே பின்னர் எழுதிய 'மின் உலகம்' மின்துறை அலுவலக வாழ்வையே களமாகக் கொண்டது. சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திய ஆ. மாதவன், 'கடைத்தெருக் கதைகள்' (1974) வாயிலாக அதே நகரைக் கடையின் பக்கமிருந்து காட்டினார்.

இங்குக் கருதத்தக்க ஒன்று உண்டு. தமிழ்ப் புதினத்தின் தலைமகன் ஒரு மலையாளி. 1891இல் மொழியின் பெயரால் எதிரெதிரே நிறுத்தப்பட்ட இரு சாராருள் ஒருவரது அகத்துயரை, மற்றவரது மொழி 1970இல் தன் துயராகவே எழுதுகின்றது. நடுத்தர வாழ்வின் ஆற்றாமைக்கு மொழி எல்லை இல்லை என்பதை அரசியல் ஆவணங்கள் காட்டத் தவறின, புதினம் காட்டிற்று. இதுவே திருவனந்தபுரத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றுப் பங்களிப்பு என இக்கட்டுரை கருதுகின்றது.

சிறு இன்பங்கள்

சலிப்புகளை மட்டும் தொகுப்பது ஒருபக்க வரலாறாகும். ஓணத்திற்கு அரசு வழங்கும் போனசும் உற்சவப்படியும் தமிழ் வீட்டிலும் புத்தாடையாக மாறின. சாலைக் கடைத்தெருவில் பூவும் நேந்திரங்காய் வறுவலும் வாங்கித் திரும்புதல், 1829இல் தொடங்கிய பொது நூலகத்தில் நூல் மாற்றுதல், அருங்காட்சியகத் தோட்டத்தில் உலவுதல், தம்பானூரில் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுசின் சுழற்பாதையில் நண்பரோடு அமர்தல் என நகரம் சிறு செலவில் தந்த இன்பங்கள் பல. தைப்பொங்கலுக்குத் திருவனந்தபுரம் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை அளிக்கப்படுவதும் இவ்வரிசையில் சேரும். ஒரு நாள் விடுமுறையே ஆயினும், சிறுபான்மை மொழியினருக்கு அது அங்கீகாரத்தின் இனிமையையும் தருகின்றது.

இவற்றுள் தலையாயது நவராத்திரி. பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகின்றனர். சரசுவதி கோட்டையகத்து நவராத்திரி மண்டபத்தில் எழுந்தருள, வேளிமலை முருகன் வலியசாலையை அடுத்த ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்குவது வழக்கம். 1956க்குப் பின் இவ்வூர்வலம் களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடக்கின்றது. தன் ஊர்த் தெய்வம் தன் பணியிடத்திற்கு வந்து தங்கித் திரும்பும் அந்நாள்களில், பிரிந்த ஊரும் உத்தியோகமும் ஒருசேரக் கைகூடிய நிறைவு நாஞ்சில்நாட்டு அலுவலருக்கு வாய்த்தது.

முடிவுரை

காந்தளூர்ச் சாலைக்குக் கல்லும் செம்பும் சான்றாயின. அச்சாலையின் பெயரைத் தாங்கிய தெருக்களில் வாழ்ந்த அலுவலர்க்கு அத்தகு சான்று இல்லை. அவர்தம் வாழ்வைக் கூறுவன வீட்டு வரவுசெலவுக் குறிப்பேடுகளும், பணிப்பதிவேடுகளும், மாற்றல் ஆணைகளும், ஊருக்கு எழுதிய கடிதங்களுமே. பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்களாகுங்கால் முதலில் பழைய தாள்காரரிடம் செல்பவையும் இவையே. 1955இல் இருபது வயதில் பணியேற்றவர் இன்று தொண்ணூறு வயதைக் கடந்தவராவார். எல்லை மாற்றத்தை அலுவலக மேசையிலிருந்து கண்டவரின் வாய்மொழியைப் பதிவு செய்ய நமக்கு எஞ்சியிருப்பது மிகக் குறுகிய காலமே.

தமிழ்த்துறைகள் ஓலைச்சுவடி தேடிய அதே அக்கறையோடு இத்தாள்களையும் தேடுதல் வேண்டும். முதுகலை, இளமுனைவர்ப் பட்டம் பெற்ற மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் குறிப்பேட்டையேனும் படியெடுத்தால், திருவனந்தபுரத் தமிழரின் வரலாற்றுக்குப் புதினங்களோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க முதன்மைச் சான்றுகள் கிடைக்கும். மெய்க்கீர்த்தியில் இடம்பெற்ற ஊருக்கு வரலாறு முன்பே உண்டு. அவ்வூரில் குடியிருந்தோர்க்கும் அது கிடைத்தாக வேண்டும்.