லினக்சில் புளூடூத் ஹெட்செட் ஒலிக் கோளாறுகள்

லினக்சில் புளூடூத் ஹெட்செட் ஒலிக் கோளாறுகள் என்பவை, லினக்ஸ் இயங்குதளம் கொண்ட கணினியுடன் கம்பியில்லா ஹெட்செட் ஒன்றை இணைக்கும்போது தோன்றும் ஒலி வராமை, ஒலித்தரம் குறைதல், ஒலிவாங்கி இயங்காமை, ஒலி விட்டுவிட்டுக் கேட்டல் முதலிய சிக்கல்கள் ஆகும். இவற்றுள் பல ஹெட்செட்டின் பழுதால் விளைபவை அல்ல. கணினியின் மென்பொருள் அடுக்குகளுள் ஏதேனும் ஒன்றின் அமைப்பால் விளைபவை. ஆகவே கருவியை மாற்றும் முன்னர் அடுக்குகளை வரிசையாகச் சோதித்தல் வேண்டும்.

மென்பொருள் அடுக்குகள்

புளூடூத் சில்லை லினக்ஸ் கருனியும் அச்சில்லுக்குரிய நிலைப்பொருளும் சேர்ந்து இயக்குகின்றன. கருவிகளை இணைக்கும் பணியைப் புளூஇசட் என்னும் மென்பொருள் செய்கிறது. இது 2001 ஆம் ஆண்டு கருனியின் 2.4.6 பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஒலியைக் கையாள்வது ஒலி வழங்கி ஆகும். முன்னர்ப் பல வழங்கல்களில் பல்ஸ்ஆடியோ இப்பணியைச் செய்தது. ஃபெடோரா 34 (2021), உபுண்டு 22.10 (2022) ஆகியவை முதல் அவ்வழங்கல்களில் பைப்வயர் அதன் இடத்தைப் பெற்றது.

ஒலித்தரம் குறைதல்

பாடல் கேட்கும்போது தெளிவாக இருக்கும் ஒலி, இணையவழி வகுப்பில் சேர்ந்தவுடன் பழைய தொலைபேசி ஒலிபோல் மாறுவது பரவலாகக் காணப்படும் சிக்கலாகும். மரபான புளூடூத்தில் இரண்டு பயன்முறைகள் இருப்பதே இதன் காரணம்.

* ஏ2டிபி: கணினியிலிருந்து ஹெட்செட்டுக்கு ஒருவழியாக, இரட்டைத் தட ஒலியை உயர்தரத்தில் அனுப்பும். இதில் ஒலிவாங்கி இயங்காது.
* எச்எஃப்பி, எச்எஸ்பி: பேச்சை இருவழியாக, ஒற்றைத் தடத்தில் அனுப்பும். இவற்றின் அடிப்படைக் கோடெக்கான சிவிஎஸ்டி நொடிக்கு 8,000 மாதிரிகளையே எடுக்கும். எச்எஃப்பியில் பயன்படும் எம்எஸ்பிசி 16,000 மாதிரிகளை எடுக்கும்.

ஒலிவாங்கி தேவைப்படும்போது ஒலி வழங்கி இரண்டாம் வகைக்கு மாறுகிறது. கணினியில் உள்ள ஒலிவாங்கியை உள்ளீடாகத் தேர்ந்து, ஹெட்செட்டை ஏ2டிபி முறையில் வைத்தால் தரம் மீளும்.

ஒலி வராமை

பின்வரும் வரிசையில் சோதிக்கலாம்.

# புளூடூத் வானொலி அணைக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தல்.
# சில்லே கண்டறியப்படாவிடில் நிலைப்பொருள் பொதியை நிறுவுதல். டெபியனின் அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டுகளில் கட்டற்றதல்லாத நிலைப்பொருள்கள் 12 ஆம் பதிப்பு (2023) முதலே சேர்க்கப்பட்டன.
# ஹெட்செட் அருகிலுள்ள கைப்பேசியுடன் இணைந்துள்ளதா எனப் பார்த்தல்.
# இணைந்தும் ஒலிக் கருவிகளின் பட்டியலில் தோன்றாவிடில், ஒலி வழங்கிக்குரிய புளூடூத் பொதியை நிறுவுதல். சில வழங்கல்களில் இது தனிப் பொதியாக உள்ளது.
# பட்டியலில் தோன்றினால், அதனையே வெளியீடாகத் தேர்ந்து ஒலியளவைச் சரிபார்த்தல்.

இரட்டை இயங்குதளக் கணினிகள்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக்கால மடிக்கணினிகளில் விண்டோசுடன், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர் பலருக்கு லினக்ஸ் இவ்வாறே அறிமுகமானது.

இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளுக்கே உரிய புளூடூத் சிக்கல் ஒன்று உண்டு. ஹெட்செட்டும் கணினியும் முதன்முறை இணையும்போது ஓர் இரகசியத் திறவுகோலை உருவாக்கிச் சேமிக்கின்றன. பின்னர் விண்டோசில் அதே ஹெட்செட்டை இணைத்தால், கணினியின் புளூடூத் முகவரி ஒன்றே என்பதால் ஹெட்செட் பழைய திறவுகோலை நீக்கிப் புதியதைக் கொள்கிறது. லினக்சிடம் இருப்பதோ பழையது. எனவே இணைப்பு மறுக்கப்படுகிறது. லினக்சில் அக்கருவியை நீக்கி மீண்டும் இணைத்தால் லினக்சில் சரியாகும்; ஆனால் விண்டோசில் அதே சிக்கல் தோன்றும். விண்டோசில் உள்ள திறவுகோலை லினக்சுக்குப் படியெடுத்தலே நிலையான தீர்வாகும்.

ஒலி விட்டுவிட்டுக் கேட்டல்

மரபான புளூடூத் 2.4 கிகாஹெர்ட்சு அலைப்பட்டையில் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை வரை தாவுகிறது. வை-ஃபை, நுண்ணலை அடுப்பு ஆகியவையும் இப்பட்டையைப் பயன்படுத்துகின்றன. யுஎஸ்பி 3.0 கருவிகளும் இதில் இரைச்சலை எழுப்பக்கூடும். வை-ஃபையை 5 கிகாஹெர்ட்சுக்கு மாற்றுதலும், புளூடூத் செருகியை நீட்டிப்புக் கம்பிவழி யுஎஸ்பி 3.0 துறையிலிருந்து விலக்கி வைத்தலும் பயன்தரும்.

இவற்றையும் பார்க்க

* புளூடூத்
* கட்டற்ற மென்பொருள்
* பாஸ் லினக்ஸ்