பிறப்பால் மூடப்படும் வாசல்: பாசிசம் ஆட்சிக்கு வரும் வழியும் பழவேற்காடு தரும் பாடமும்

முசோலினியும் ஹிட்லரும் மக்களாட்சியைக் கவிழ்த்து அதிகாரத்தைப் பறித்தார்கள் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் இருவரிடமும் ஆட்சி ஒப்படைக்கப்பட்டது. 1921 தேர்தலில் இத்தாலிய நாடாளுமன்றத்தின் 535 இடங்களில் பாசிஸ்டுகள் வென்றவை சுமார் 35 மட்டுமே. ஆயினும் 1922 அக்டோபரில் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் முசோலினியைப் பிரதமராக்கினார். ஜெர்மனியில் நாஜிக் கட்சி 1928-இல் பெற்ற வாக்கு 2.6 விழுக்காடு. வேலையற்றோர் தொகை 60 லட்சத்தைத் தொட்ட 1932-இல் அது 37.3 விழுக்காடாக உயர்ந்தது. பெரும்பான்மை கிட்டாதபோதும், 1933 ஜனவரி 30 அன்று குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஹிட்லரை ஆட்சித் தலைவராக நியமித்தார். மார்ச் 23 அன்று நாடாளுமன்றமே சட்டமியற்றும் அதிகாரத்தை அவரது அமைச்சரவைக்கு வழங்கியது.

மூன்று கூறுகள்

இவ்விரு நாடுகளிலும் மூன்று கூறுகள் ஒன்றுசேர்ந்தன. முதலாவது, வாழ்வாதார நெருக்கடி. இரண்டாவது, உழைப்பாளர் எழுச்சியைக் கண்டு அஞ்சிய உடைமையாளர்களின் துணை. இத்தாலியின் போ சமவெளியில் நிலவுடைமையாளர்கள் கருஞ்சட்டைப் படைகளுக்குப் பணம் கொடுத்து, விவசாயக் கூலிகளின் சங்கங்களைத் தாக்கச் செய்தனர். மூன்றாவது, ஜெர்மனியில் வெளிப்படையாகத் தெரிந்த ஒன்று: உள்ளிருப்போருக்குச் சமத்துவம், வாசலில் பிறப்புச் சோதனை. 'நாம் அனைவரும் ஒரே மக்கள்' என்ற முழக்கத்தின் மறுபக்கமே, யூதர்களின் குடியுரிமையை இரத்தத்தின் பெயரால் பறித்த 1935-ஆம் ஆண்டின் நியூரம்பர்க் சட்டங்கள்.

அம்பேத்கரின் எச்சரிக்கை

ஐரோப்பா சட்டம் இயற்றிச் செய்ததை இந்தியாவில் சாதி வழக்கமாகவே செய்துவந்துள்ளது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பட்ட வாழ்வுக்குள் நாம் நுழைகிறோம் என்றார். அரசியலில் தனிமனித வழிபாடு சர்வாதிகாரத்துக்கே இட்டுச் செல்லும் என்றும் எச்சரித்தார்.

ஐரோப்பியப் பாசிசத்துடன் நேரடித் தொடர்பும் இங்கு உண்டு. 1925-இல் ஆர்.எஸ்.எஸ். அமைப்பை நிறுவிய ஹெட்கேவாரின் வழிகாட்டியான மூஞ்சே, 1931 மார்ச்சில் ரோமில் முசோலினியைச் சந்தித்தார். அவ்வியக்கத்தின் வழிவந்த பாரதிய ஜனதா கட்சி 1984-இல் மக்களவையில் 2 இடங்களையும், 2014-இல் 282 இடங்களையும், 2024-இல் 240 இடங்களையும் பெற்றது. இவ்வளர்ச்சியைப் பாசிசம் என்று அழைப்பதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்பெயரிட்டாலும், அம்பேத்கர் சுட்டிய முரண்பாடு தீரவில்லை.

பழவேற்காட்டின் பாடு

அம்முரண்பாட்டைப் பழவேற்காடு ஏரிக்கரையிலேயே காணலாம். இங்கு இறால் மிகுந்த நீர்ப்பகுதிகள் 'பாடு' முறையில் பங்கிடப்படுகின்றன. கோட்டைக்குப்பம் உள்ளிட்ட ஊர்களின் பட்டினவர் சமூகத் தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு முறைவைத்து வலையிடுகின்றனர். பணக்காரருக்குக் கூடுதல் முறை கிடையாது. உள்ளே அது நேர்த்தியான மக்களாட்சி. ஆனால் அதில் சேரும் தகுதி பிறப்பால் வருவது. தலித் மீனவர்களுக்கு அதில் வழிவழி உரிமை இல்லை. இருளர் பெண்கள் வாயில் பறியைக் கவ்வியபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர்.

பாடு முறையைப் பாசிசம் என்று நாம் கூறவில்லை. பாடு காத்துவரும் மக்களும் எளிய உழைப்பாளர்களே. பிறப்பால் மூடிய வாசலை இயல்பென்று ஏற்கப் பழகிய சமூகத்தில், அதையே நாடு முழுமைக்கும் விரிப்போருக்கு வேலை எளிது என்கிறோம்.

நெருக்கடியும் வந்துவிட்டது. முகத்துவாரம் மணலால் தூர்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் கரையை அரிக்கும், ஏரியைக் கெடுக்கும் என மீனவ ஊர்கள் எதிர்த்துவருகின்றன. மீன் குறையும்போது எழும் சினம் இரு திசைகளில் செல்லலாம்: துறைமுகத்தை நோக்கி, அல்லது பக்கத்துச் சேரியின் வலையை நோக்கி. பாசிசம் எப்போதும் இரண்டாவது திசையையே காட்டும்.

ஆகவே, தொழில் செய்யும் தலித், இருளர் மீனவர் அனைவருக்கும் ஏரியில் உரிமையும், கூட்டுறவுச் சங்கங்களில் இடமும், பங்கீட்டை முடிவு செய்யும் ஊர்க்கூட்டத்தில் குரலும் கேட்பது வெறும் மீன்பிடிக் கோரிக்கை அன்று. மக்களாட்சியை வாக்குச்சாவடியிலிருந்து நீர்க்கரைக்குக் கொண்டுசெல்லும் பணி அது. பாசிசத்துக்கு எதிரான முதல் அரணும் அதுவே.