பிரேசர் ஆறு சொல்லும் பாடம்



ஆறு என்றதும் நமக்குப் பேராக் ஆறுதானே நினைவுக்கு வருகிறது? அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் நீளமுள்ள ஒரு மலையாற்றின் கதையை இங்கே காண்போம், வாருங்கள்.

மேற்குக் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்து ராக்கி மலைத்தொடரில் பிறக்கிறது பிரேசர் ஆறு. நீளம் ஏறத்தாழ 1,375 கிலோமீட்டர். முதலில் வடமேற்காக ஓடுகிறது; பிரின்ஸ் ஜார்ஜ் நகரருகே தெற்கே திரும்பி, செங்குத்தான மலைப்பிளவுகளில் சீறிப் பாய்கிறது; ஹோப் என்னும் ஊரில் மேற்கே வளைந்து, வான்கூவர் நகரை ஒட்டிக் கடலில் கலக்கிறது.

1808ஆம் ஆண்டு சைமன் பிரேசர் என்ற வணிகர், இதுதான் கொலம்பியா ஆறு என்று நம்பிப் படகேறினார். படகு போக முடியாத இடங்களில், பழங்குடி மக்கள் பாறைகளில் கட்டியிருந்த ஏணிகளைப் பற்றிக்கொண்டு கடந்தார். கடைசியில் பார்த்தால், அது வேறு ஆறு! பாவம், என்ன செய்வார்? ஆனாலும் அவர் பெயரே ஆற்றுக்கு நிலைத்துவிட்டது. 1858இல் ஆற்று மணலில் தங்கம் தேடி ஆயிரமாயிரம் பேர் ஓடிவந்தார்கள்.

ஆனால், ஆற்றின் உண்மையான தங்கம் சால்மன் மீன்தான்! மலை நீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த இடத்துக்கே எதிர்நீச்சலிட்டுத் திரும்பும் அதிசய மீன் அது. வழியில் 'நரக வாசல்' என்று பெயர்பெற்ற குறுகிய இடுக்கு ஒன்று உண்டு. 1914இல், இருப்புப்பாதை போடும் வேலையால் அங்கே பாறை சரிந்தது. இடுக்கு மேலும் குறுகியது. நீரின் வேகம் கூடியது. மீன்கள் மேலேற முடியாமல் இலட்சக்கணக்கில் மாண்டன. அந்த மீனையே நம்பியிருந்த பழங்குடி மக்களின் அடுப்பு என்னவாகும், எண்ணிப் பாருங்கள்!

பிறகு கனடாவும் அமெரிக்காவும் கைகோத்து ஆராய்ந்தன. 1945, 1946ஆம் ஆண்டுகளில் அங்கே கான்கிரீட் மீன்வழிகள் கட்டப்பட்டன. உள்ளிருக்கும் தடுப்புகள் நீரின் வேகத்தைத் தணிக்கும். மீன்கள் இளைப்பாறி இளைப்பாறி மேலேறும். மீன் கூட்டமும் சிறிது சிறிதாகப் பெருகியது. 2019இல் பிக் பார் என்னுமிடத்தில் மலைச்சரிவு வழியை அடைத்தது தெரிந்தபோது, ஹெலிகாப்டரிலேகூட மீன்களைத் தூக்கிச் சென்று மேலே விட்டார்கள்!

மாணவமணிகளே, பாறை சரிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதைச் சீர்செய்ய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நம் ஊர் ஆற்றங்கரையில் நிற்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.